விளக்கு நேராகத்தான் தொங்குகிறது

காற்று ஓய்ந்தபாடில்லை. பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிகள் ராப்பகலாக ஊளையிட்டன. நாங்கள் நால்வர் குடியிருக்கும் படகு, எதைச் சொன்னாலும் வேண்டாம் என்று தலையாட்டும் பிடிவாதக்காரனைப் போல, நங்கூரத்தில் நின்றபடி இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று காலை அண்ணி இணையத்தில் ஒரு மாதிரி வகுப்பு நடத்த வேண்டும். கணக்கு டீச்சர் வேலை. கிடைத்தால் அந்தச் சம்பளத்தில் படகிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் படகை விற்றுவிட்டுக் கரையில் வீடு பார்ப்பது. அண்ணனும் அண்ணியும் சண்டை போடாமல் எடுத்த ஒரே முடிவு அது. எனக்கு அதில் ஓட்டு இல்லை. நைட் ஷிப்டை உதறிவிட்டு வந்து முன்னறையில் ஒட்டிக்கொண்டவனிடம் யார் கேட்பார்கள்?

“அமைதியான அறையிலிருந்து பேசவும்” என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இந்தக் காற்றில் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போக முடியாது. மேல்தளத்தில் உட்கார்ந்தால் பேசுவது கேட்காது. உள்ளே அடக்கமாக இருக்கும், ஆனால் படகு இரும்பு. இடப்பக்கத்துச் சின்ன ஜன்னல் குன்றின் மேலிருக்கும் டவரைப் பார்க்கும்போது மட்டும்தான் சிக்னல் எட்டிப் பார்க்கும். படகு முகத்தைத் திருப்பினால் அதுவும் போச்சு.

“ஆடாம நிறுத்திடறேன்,” என்றான் அண்ணன். “நங்கூரச் சங்கிலியில ஒரு கயித்தைக் கட்டி, பின்னாடி கொண்டுவந்து இழுத்துக் கட்டினா ஒரே பக்கம் பாத்து நிக்கும்.”

“அப்ப காத்து விலாவுல அடிக்குமே. சாயாதா?” அண்ணி கேட்டாள்.

“கொஞ்சம் சாயும்.”

“கொஞ்சம்னா உங்க கொஞ்சமா, என் கொஞ்சமா?”

அண்ணன் கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

அவனுடைய கொஞ்சம்தான். கயிறு இறுகியதும் படகு காற்றுக்கு விலாவைக் காட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அலமாரியிலிருந்த தம்ளர்கள் வரிசையாக இறங்கி வந்தன. சிக்னல் மட்டும் கல்லுப்போல நின்றது. அண்ணி லேப்டாப்பை மேஜையோடு சேர்த்துக் கட்டினாள். தனக்குப் பின்னால் நடைவழியை மறைத்து ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள், சுவர் மாதிரி தெரியட்டும் என்று. போர்வைக்குப் பின்னால் நான், பாத்திரங்கள் உருளாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஜன்னலோரம் சிக்னலுக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மகள் வாலு. ஆறு வயது.

“மூச்சு விடக்கூடாது,” என்றாள் அண்ணி.

“சித்தப்பா குறட்டை விட்டா?”

“அவரு நின்னுக்கிட்டுதானே இருக்காரு.”

“நின்னுக்கிட்டே தூங்குவாரு.”

வகுப்பு தொடங்கியது. பாடம், கோணங்கள். எதிரே திரையில் ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள், ஓரத்தில் தலைமை ஆசிரியை. அண்ணி நன்றாகத்தான் ஆரம்பித்தாள். செங்கோணம் என்றால் என்ன என்று பாதி சொல்லியிருப்பாள், ஒரு பையன் கையைத் தூக்கினான்.

“மிஸ், உங்க வீட்டு லைட் ஏன் கோணலா தொங்குது?”

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். கேமராவும் படகோடு சேர்ந்து சாய்ந்திருந்ததால் அங்கே அறை நேராகத் தெரிந்தது. கயிற்றில் தொங்கிய விளக்கு மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

“ஃபேன் காத்து,” என்றாள்.

“மிஸ், போர்வையும் கோணலா இருக்கு. பின்னாடி யாரோ நிக்கறாங்க!”

போர்வை நழுவி ஓரத்தில் முக்கோணமாக ஒரு சந்து விட்டிருந்தது. அந்தச் சந்தில் நான், குக்கரை மார்போடு அணைத்தபடி. என்ன செய்வதென்று தெரியாமல் வணக்கம் வைத்தேன். குக்கர் மூடி உருண்டு ஓடியது.

தலைமை ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், வீடு தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அண்ணி போர்வையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து எறிந்தாள்.

“அவரு என் கொழுந்தனாரு. விளக்கு நேராதான் தொங்குது. வீடுதான் கோணல். நம்பறீங்களா?”

“இல்ல!” என்றது வகுப்பு மொத்தமும்.

கோணமானியை எடுத்துக் கூரையில் விளக்குக் கயிற்றின் பக்கத்தில் வைத்தாள். “இங்க பாருங்க. பன்னிரண்டு டிகிரி. இப்ப ஒரு அலை வரும். எவ்வளவு போகும்? சீக்கிரம் சொல்லுங்க!”

“பதினஞ்சு!” “இருபது!” “தொண்ணூறு!”

“தொண்ணூறு போனா எனக்கு நீச்சல் தெரியணும்டா,” என்றாள் அண்ணி. வகுப்பு சிரித்துக் கூத்தடித்தது. அலை வந்தது. பதினேழு. பதினைந்து சொன்னவளும் இருபது சொன்னவனும் யார் சொன்னது பக்கத்தில் என்று சண்டை போட்டுக்கொண்டு, தாங்களே கழித்துப் பார்த்தார்கள். இன்னும் சாயணும் என்று பிள்ளைகள் கத்த, அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

“கயித்தை இன்னும் இழுக்கச் சொல்லுங்க.”

மேலே தலையை நீட்டி அண்ணனிடம் சொன்னேன்.

“ஏன், சிக்னல் போச்சா?”

“இல்ல. பத்தலையாம்.”

“என்னடா பத்தல?”

“சாய்வு.”

அண்ணன் என்னை ஏசிக்கொண்டே இழுத்தான். நாற்காலியிலிருந்து சரிந்த அண்ணி ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அளந்தாள். தான் மூச்சு விடக்கூடாது என்பதை மறந்து வாலுவும் எண்களைக் கத்தினாள்.

கடைசியில் தலைமை ஆசிரியை தொண்டையைச் செருமினார்.

“நாங்க அமைதியான அறைன்னு கேட்டிருந்தோம்.”

“ஆமாங்க மேடம்.”

“இந்த வகுப்புல ஒருத்தர்கூட பாத்ரூம் போகணும்னு கேக்காம நான் பார்த்ததே இல்ல. அதனால நீங்க திங்கட்கிழமை…”

வாயைத் திறந்தபடி அவர் திரையில் உறைந்து நின்றார். படகு நிமிர்ந்தது. மேலேயிருந்து அண்ணன் குரல் கேட்டது: “முடிஞ்சிருக்கும்னு அவுத்துட்டேன்!”

“கட்டுங்க!” அண்ணி போட்ட கூச்சலில் கம்பிகளின் ஊளையே அடங்கியது போலிருந்தது. குக்கரைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். அண்ணனும் நானும் கயிற்றில் தொங்கினோம். காற்று ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். உள்ளங்கை தோல் உரிந்தது. மெல்ல மெல்லப் படகு முகத்தைத் திருப்பியது.

“வந்துட்டாங்க!” வாலு கீழேயிருந்து கத்தினாள்.

கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுக் குனிந்து பார்த்தோம்.

“நான் சொன்னது கேட்டுச்சா?” என்றார் தலைமை ஆசிரியை.

“இல்ல மேடம். இன்னொரு தடவை சொல்லுங்க.”

“திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்குங்கன்னு சொன்னேன். நம்பற மாதிரி இல்லையா?”

“நம்பறேன் மேடம்,” என்றாள் அண்ணி. வாலு போட்ட கூச்சல் அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும், சிக்னல் இல்லாமலே.

சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் கேட்டான், “கயித்தை அவுத்துடட்டுமா?”

“முதல்ல சாப்பிடுங்க,” என்றாள் அண்ணி.

யாரும் எழுந்திருக்கவில்லை. தட்டில் சோறு ஒரு பக்கமாக ஒதுங்கியது. நாங்களும் அந்தப் பக்கத்திலிருந்தே சாப்பிட்டோம்.