ராணிக்கு ஒரு வாய்

நூற்று நாற்பத்திரண்டு பிராங்க் கடனை வைத்துவிட்டு எனாமல் ஓவியர் இசாக் விடியற்காலையில் கண்ணை மூடியிருந்தார். மகள் பெர்னெட் அவர் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். ஈறு ஓரம் முழுக்க நீலக் கோடு.

"ஈயம் தின்ன ஈறுடி. எம் புருசனுக்கும் இப்படித்தான்," என்றாள் பிணம் கழுவ வந்த பக்கத்து வீட்டு ஒதெத்.

கடன் கொடுத்த துவெர்னே படியேறி வந்தார். தொப்பியைக் கழற்றிச் சவத்தின் முன் கொஞ்சம் நின்றார். பிறகு அவர் கண் வேலை மேசைக்குப் போனது. நகமளவு தங்கத் தகட்டில், சுட்டெடுக்கும் எனாமல் சாயத்தில், ராணியின் முகம். மூக்குப்பொடி டப்பா மூடிக்கானது. பலமுறை உலை கண்டவள். உதடு மட்டும் பாக்கி.

"இந்த நெலமைல கேக்கக் கூடாதும்மா. நாளைக்கு டப்பா கேட்ட தூதரோட ஆளு வர்றான். படம் இல்லன்னா உங்க உலையத்தான் நான் தூக்கிட்டுப் போகணும்."

"உதட்ட நான் போடுறேன் ஐயா."

"நீ சாயம் அரைக்கிறவதானே?"

"போடட்டுமே," என்றாள் ஒதெத். "கோணிப்போனாத்தான் என்ன? டப்பா மேல உக்காந்து பேசவா போறா?"

துவெர்னே தகட்டைப் பெர்னெட் பக்கம் நகர்த்தினார்.

பெர்னெட் உட்கார்ந்தாள். ஈயம் கலந்த சிவப்புத் தூள், அவள் அரைத்ததுதான். 'நாக்குல வைக்காதடி, ஈரத்துணில தொடு' என்பார் அப்பா. சொல்லிக்கொண்டே தன் தூரிகையை உதட்டில் முறுக்குவார். அவள் தூரிகையை ஈரத்துணியில் தொட்டாள். முனை பிரிந்தே நின்றது. கோடு தடித்தது. துடைத்தாள். மறுபடி தடித்தது. கீழே தச்சன் சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கும் சத்தம்.

தூரிகையை நாக்கில் வைத்தாள். முனை ஊசியாயிற்று. மேலுதடு. மறுபடி நாக்கு. கீழுதடு.

தகட்டை உலைக்குள் வைத்து, உலைத் துளையில் கண்ணை வைத்துக் காத்திருந்தாள். மங்கலான தூள் ஈரம்போல மினுங்கிய கணத்தில் வெளியே இழுத்தாள். ஆற ஆறச் சிவப்பு வந்தது.

துவெர்னே பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "அப்படியே அப்பன் கை," என்றார். கடன் சீட்டை எடுத்து உலைக்குள் போட்டார். "திங்கக்கிழம அடுத்த தகடு அனுப்புறேன்."

அவர் போனதும் ஒதெத் காப்பியை நீட்டினாள். "வெறும் வயித்தோட இருக்காத. சக்கரதான் இல்ல. உங்கப்பன் எங்க வாங்க விட்டாரு? தூரிகை பட்ட வாய் இனிச்சுக்கிட்டுத்தானே இருக்குன்னு சொல்லியே மிச்சம் புடிச்ச மனுசன்."

"சக்கர வேண்டாம்க்கா," என்றாள் பெர்னெட், ஒரு வாய் குடித்துவிட்டு.

சர்க்கரை இல்லாத காப்பி நாக்கில் இனித்தது.