நடைவேகத்தில் எத்தனை ஆம்பியர்

நவின் கடை மேசைமீது பழைய துண்டொன்றை விரித்து, அதன்மேல் இரண்டு ஆல்டர்னேட்டர்களை, அதாவது ஓடும் எஞ்சினிலிருந்து காருக்கு மின்சாரம் எடுத்துத் தரும் கருவிகளை, வைத்தான். ஒன்று முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளும் அளவுக்குக் குரோமியம் பூசியது. மற்றது சாம்பல் நிறத்தில், கழுவாத சேனைக்கிழங்கைப் போல இருந்தது. என் கணவர் வரதராஜனின் கை தானாகவே பளபளப்பானதை நோக்கிப் போயிற்று.

"நூத்தி நாப்பது ஆம்ப்ஸ், அங்கிள். உங்க ஃபோர்டுக்கு இதான் ராஜா," என்றான் நவின். ஈப்போவில் பிறந்தவன், இங்கே எங்கள் நகரின் ஒனிஹங்கா பகுதியில் கார்களின் மின்சாரக் கோளாறுகளைச் சரிசெய்யும் கடை வைத்திருக்கிறான்.

"கேட்டியா மரகதம்? நூத்தி நாப்பது! பழசு வெறும் அறுபத்து மூணு."

மகள் வாங்கிய மதிப்பெண்ணை அண்டை வீட்டில் அறிவித்த அதே குரல். குக்கரானாலும் கல்லூரியானாலும், எந்த எண் பெரிதோ அதுவே சிறந்தது என்பது எங்கள் வீட்டின் எழுதாத சட்டம். அதை எழுதியவர் அவர். நான் ஒருநாளும் கையொப்பமிட்டதில்லை.

அந்தக் கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் ஆண்டின் ஃபோர்டு. திறந்த மேல்பகுதி, பின்னால் திறந்தால் விரியும் இருக்கை. கிளென் ஈடனில் எங்கள் வீட்டுக் கராஜில் பதினொரு ஆண்டுகள் பாடுபட்டு, பெரிய வி-எட்டு எஞ்சினைப் பொருத்தி, அதைச் சீறும் ஹாட் ராடாக அவர் மாற்றினார். சென்ற ஆண்டு என் தங்கை மகன் கதிரின் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைக் கொடுத்தோம். கார் முழுவதும் சீரியல் விளக்குகள், முன்னால் ஒலிபெருக்கி, மேளத்துக்குப் பின்னால் நடைவேகம். இருபத்தைந்தாம் நிமிடத்தில் விளக்குகள் மங்கின. இருபத்தேழாம் நிமிடத்தில் எஞ்சின் நின்றது. கழுத்தில் மாலையும் கையில் பூச்செண்டுமாக மாப்பிள்ளையே இறங்கிக் காரைத் தள்ளினான். அதைப் படம்பிடிக்காத உறவினர் ஒருவரும் இல்லை.

மறுநாள் என் கணவர் காரைத் தார்ப்பாயால் மூடினார். ஒன்பது மாதங்கள் கராஜ் பக்கமே போகவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார். அது எனக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை.

இப்போது எங்கள் மகள் மஹதிக்குக் கல்யாணம். தன் அப்பாவின் காரில்தான் மாப்பிள்ளை வெற்றி வர வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். வெற்றியின் தாயார் அன்னம், த்ரீ கிங்ஸ் பகுதியிலிருக்கும் தம் வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. நீளமா ஒரு வெள்ளைக் காரு பேசி வெச்சிருக்கேன். உங்க காரத் தள்ளுறதுக்கு எங்க பக்கம் ஆள் கம்மி."

தொலைபேசியின் ஒலிபெருக்கியில் ஒலித்த அந்தப் பேச்சை என் கணவரும் கேட்டார். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினார். மறுவாரம் தார்ப்பாயை நான் எடுத்தேன்.

முப்பது ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்தவள் நான். எந்த நிலையில் அளந்தது என்று சொல்லாத எண்ணை நான் ஏற்பதில்லை. ஆகவே நவினிடம் கேட்டேன்:

"இந்த நூத்தி நாப்பது எப்ப வரும்?"

"மோட்டர்வேல போறப்ப, ஆன்ட்டி. எஞ்சின் நல்லா சுத்தணும்ல."

"நாங்க மோட்டர்வேல போகல. நாதஸ்வரக்காரர் பின்னாடி போறோம்."

என் கணவர் குரோமியத்தில் தெரிந்த தம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடக்குற வேகத்துல எவ்வளவு வரும்? அதச் சொல்லுப்பா."

"இத யாரும் கேட்டதே இல்ல, ஆன்ட்டி," என்று கணினியில் தேடி ஒரு தாளை அச்சிட்டான். அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைகோடு இருந்தது. ராஜாவின் கோடு தரையோடு தவழ்ந்து, வெகுதூரம் போன பிறகே எழுந்தது. கார் நின்றபடி எஞ்சின் மெல்லச் சுழலும் ஐடிலிங்கில் அது தருவது முப்பத்தெட்டு. சேனைக்கிழங்கின் உச்சம் நூற்றைந்துதான். ஆனால் ஐடிலிங்கிலேயே எழுபது.

என் கைப்பையிலிருந்து நானும் ஒரு தாளை எடுத்தேன். முந்தைய ஞாயிறன்று, ஒவ்வொரு விளக்காக, ரேடியேட்டர் விசிறி, வைப்பர் எல்லாவற்றையும் போடச் சொல்லி மீட்டரில் அளந்து எழுதியிருந்தேன். கூட்டுத்தொகை அறுபத்தொன்று.

என் கணவர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரோமியத்தைத் துண்டின்மேல் மெல்ல வைத்தார்.

"அப்ப கதிர் கல்யாணத்துல... நான் ஒயரிங்ல எந்தத் தப்பும் பண்ணல?"

"ஒயரிங்ல ஒரு தப்பும் இல்ல. கணக்குலதான். அந்த அறுபத்து மூணும் மோட்டர்வேலதான் வரும்."

"பாக்க நல்லா இல்லையே இது," என்றார், சாம்பல் நிறத்தைத் தடவியபடி.

"அங்கிள், அன்னிக்கி எல்லாரும் மாப்பிளய பார்ப்பாங்க. ஆல்டர்னேட்டர யாரு பார்க்கறா?" என்றான் நவின். "கேபிளயும் தடிமனா மாத்திடறேன்."

பொருத்திய அன்றே வீட்டு வாசலில் சோதித்தோம். எல்லா விளக்குகளையும் போட்டு, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, ஸ்டூலில் கைக்கடிகாரத்துடன் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் போதும் என்றார் அவர். தொண்ணூறு நிமிடங்கள் ஆன பிறகே எழுந்தேன். அன்றிரவு ரசத்தில் உப்பு குறைவு என்றார்.

ஜூன் மாதச் சனிக்கிழமை. இங்கே அது குளிர்காலம்; ஐந்தரைக்கே இருட்டிவிட்டது, தூறலும் இருந்தது. மண்டபத் தெருவில் அரைக் கிலோமீட்டர் ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கியிருந்தோம். அன்னம் தம் வெள்ளைக் காரை ரத்து செய்யவில்லை. "ஒரு பாதுகாப்புக்கு" என்று அதை மண்டப வாசலில், விளக்கெல்லாம் எரிய, நிறுத்தி வைத்திருந்தார்.

பின்னிருக்கையில் குடையின்கீழ் வெற்றி உட்கார்ந்தான். என் கணவர் ஓட்டினார்; நான் அவர் பக்கமாகவே நடந்தேன். என் கண் வோல்ட் மீட்டரிலேயே இருந்தது. நாற்பது நிமிடம் என்று திட்டம். ஆனால் வெற்றியின் நண்பர்கள் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் நின்று ஆடினார்கள். இருபத்தேழாம் நிமிடம், டெய்ரி என்று இங்கே சொல்லும் சிறு மளிகைக் கடையின் முனையில் வந்தது. ஊர்வலம் அங்கே அசையாமல் நின்றது. விசிறி உறுமிக்கொண்டு கிளம்ப, முகப்பு விளக்குகள் ஒரு கணம் தாழ்ந்தன. கூட்டத்தில் கதிர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வதைப் பார்த்தேன். அன்னம் என்னைப் பார்த்தார்.

முள் பதின்மூன்றுக்கு இறங்கிற்று. நின்றது. பின்பு, தவறை உணர்ந்த மாணவியைப் போல, மெல்ல எழுந்து பதினான்கில் நிமிர்ந்து நின்றது.

என் கணவர் ஹாரனை அழுத்தினார். தேவையே இல்லை, அது என் கணக்கிலும் இல்லை. நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, அந்த ஒலியின் மேலேயே அடுத்த பாட்டை எடுத்தார். நான் கண்டிக்கவில்லை.

ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று. மண்டப வாசலில் ஆரத்தி எடுத்து முடித்ததும் அன்னம் என் அருகில் வந்து நின்றார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

"சம்பந்தி... அந்த வெள்ளைக் காரு கிளம்ப மாட்டேங்குது. டிரைவர் எஞ்சின நிறுத்திட்டு லைட்டெல்லாம் போட்டு வெச்சிருந்தாராம். பேட்டரி போச்சுங்கறாரு. பெரியவங்கள எல்லாம் அதுலதான் வீட்டுக்கு அனுப்பணும்."

என் நாக்கில் ஒரு வாக்கியம் முழுமையாக, எழுவாய் பயனிலையோடு தயாராக இருந்தது. ஆரத்தித் தட்டை மாற்றிப் பிடித்தேன்.

"என்னங்க," என்று மட்டும் கூப்பிட்டேன்.

அவர் ஃபோர்டை வெள்ளைக் காரின் மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காரின் பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜம்ப்பர் கேபிளை இருக்கையின் அடியிலிருந்து எடுத்து மாட்டினார். கதிர் குடை பிடித்தான். முன்மூடி திறந்தபோது சீரியல் விளக்குகளின் வெளிச்சத்தில் அந்தச் சாம்பல் நிறப் பொருள் தூறலில் நனைந்து மின்னியது. அன்னம் குனிந்து, உற்றுப் பார்த்தார்.

"இதுவா அவ்வளவு லைட்டையும் தாங்கினது?"

ஃபோர்டின் எஞ்சின் ஒருமுறை ஆழ்ந்து மூச்சிழுத்தது. ஈரத் தெருவின் குறுக்கே, அந்த நீண்ட வெள்ளைக் காரின் கண்கள் மஞ்சளாகக் கசிந்து, வெளுத்து, முழுதாகத் திறந்தன.