காகிதப் பசுவின் வயிறு

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் கொடியில் போட்ட துண்டே காயாது. காகிதக் கூழும் பசையும் சேர்த்துச் செய்த பசு என்ன பாடுபடும்!

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் நின்ற அந்தப் பசு எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்தது. வயிற்றுக் கதவைத் திறந்தால் குடல், நான்கு அறை இரைப்பை, கர்ப்பப்பையில் சுருண்ட கன்று எல்லாம் தனித்தனியே கழன்று கையில் வரும். ஒவ்வொரு ரத்தக்குழாயையும் மயிரிழையாய் வரைந்த அந்தப் பேர் தெரியாத கையைப் பேராசிரியை சுஜிதா மனசுக்குள் கும்பிடாத நாளில்லை. இப்போது இரைப்பை உள்ளே உட்காரவில்லை, கதவும் மூடவில்லை.

"திங்கக்கிழமை கிளாஸுக்குள்ள மூடலேன்னா பழைய சாமான் கடைக்குப் போட்ருவோம், மேடம். இப்பல்லாம் ஸ்கிரீன்ல விரல் வச்சாலே மாடு திறக்குது" என்றார் முதல்வர் உமாசங்கர்.

 ஈரத்தில் இரைப்பை ஊதிவிட்டது என்று முடிவு கட்டிய சுஜிதா, ஆய்வக உதவியாளர் பேச்சிராஜோடு டெம்போ பிடித்து, பசுவை ஏற்றிக்கொண்டு பாவூர்சத்திரம் போனாள். இங்கே சாரல் அடிக்கும்போது அங்கே வறண்ட காற்றுதான். வெயில் பட்டால் வர்ணம் வெடிக்குமே என்று, வியாபாரி ஆவுடையம்மாளின் வெங்காய ஷெட்டு நிழலில் உறுப்புகளைப் பரப்பினார்கள். மூட்டை இறக்க வந்தவர்கள் வேலையை மறந்து நின்றார்கள்.

"நம்ம மாட்டுக்குள்ள இம்புட்டு இருக்கா!" என்றாள் ஆவுடையம்மாள்.

ரெண்டு நாளில் எல்லாம் நன்றாகக் காய்ந்தது. அப்படியும் இரைப்பை உட்காரவில்லை. சுஜிதா அதன் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாய்ப் பொருக்கு உதிர்ந்தது. மோந்து பார்த்தாள். சந்தனம்!

"நான்தான் மேடம், ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் வைக்கேன். எனக்கு முன்ன இருந்த அண்ணாச்சியும் வச்சாரு" என்றார் பேச்சிராஜ். "பசுவுக்குப் பொட்டு வைக்காம விடுவமா?"

"குடலுக்குமா?"

"குடலும் பசுதான?"

இரைப்பையைத் தடுத்தது ஈரமில்லை, வருஷக்கணக்காய் அப்பிய சந்தனம்; பல்வலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதைதான். கோபப்பட நினைத்த சுஜிதாவுக்குச் சிரிப்புதான் வந்தது. இருவரும் மூங்கில் சிம்பால் பொறுமையாகச் சுரண்டினார்கள். அடியில் நீல ரத்தக்குழாய் நேற்று வரைந்ததுபோல் இருந்தது. இரைப்பை தன் இடத்தில் அம்சமாய் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை உமாசங்கர் வகுப்பு வாசலில் கைகட்டி நின்று பார்த்தார். சுஜிதா ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டி, திரும்ப அடுக்கி, கதவைச் சாத்தினாள். பிள்ளைகள் கலைந்து போனார்கள். அவர் போகவில்லை. பசுவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னொருக்க திறங்க, மேடம்" என்றார். "அந்தக் கன்னுக்குட்டிய நான் எடுத்துப் பாக்கட்டுமா?"