சுவரில் திருகும் கை

சுவரில் ஒரு வெளிச்சம். சதுரமாக, வெள்ளையாக, ஓரங்கள் லேசாக நடுங்கியபடி.

வெளியே ஓசூர்த் தூறல். உள்ளே, கம்பெனி கேண்டீனில் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. மேசைகளை ஓரங்கட்டிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். இன்று குடும்ப தினம். எங்களுக்கெல்லாம் படம் காட்டுகிறார்கள்.

பேசாத படம். இங்கே பல பாஷைக்காரர்கள் வேலை செய்கிறார்கள், பேசாத படமென்றால் யாருக்கும் குறையிருக்காது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். சிரிப்புப் படமா என்று மட்டும் பார்த்திருப்பார்கள் போல. எதைப் பார்த்துச் சிரிப்பு என்று பார்க்கவில்லை.

என் மடியில் மகள் ஹர்ஷினி. பக்கத்தில் என் கணவர் முனிராஜ். அவருடைய வலது கை தொடைக்கு அடியில்.

அந்தக் கைதான் என் கவலை. மின்விசிறிக்கு ஸ்க்ரூ முடுக்கும் கை. ஷிப்டு முடிந்தாலும் அது முடிப்பதில்லை. சாப்பிடும்போது திருகும். தூக்கத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருகும்.

போன மழைக்காலத்தில் இப்படிக் கை ஆடிய ஒருவரை ஓய்வெடுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய ஓய்வு இன்னும் முடியவில்லை.

அதனால் ஒளிக்கிறோம். பாக்கெட்டில், துண்டுக்குள், தொடைக்கு அடியில்.

சுவரில் ஓர் ஒல்லி மனிதன் வந்தான். அவன் முன்னால் கன்வேயர் ஓடியது. முடுக்கினான். முடுக்கினான். ஆலைச் சங்கு சத்தமில்லாமல் ஊதியது. அவன் வீட்டுக்குப் போனான், கை மட்டும் வேலையை விடவில்லை. கஞ்சியில் கரண்டியைத் திருகியது. பூனையின் வாலைத் திருகியது. கதவைத் தட்டிய வீட்டுக்காரரின் மூக்கைத் திருகியது.

கேண்டீனே சிரித்தது. முன்வரிசையில் சூப்பர்வைசர் கோதண்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமோ என்று சிரித்தேன்.

சிரிப்பு ஓய்ந்தது. பேசும் படமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பாட்டாவது வந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. தூறல் மட்டும்.

"அம்மா, அப்பா மாதிரியே பண்றாரு."

ஹர்ஷினியின் வாயைப் பொத்தினேன். பொத்தி என்ன பயன். கோதண்டம் திரும்பினார். அவர் பார்வை இவருடைய முகத்தில் நிற்காமல் கீழே இறங்கியது. தொடைக்கு.

அப்போது பின்னாலிருந்து இன்னொரு குழந்தை. "எங்கப்பாவும் இப்டித்தான்."

அதற்கும் பின்னால், இந்தியில் ஒரு சின்னக் குரல். எனக்கு இந்தி தெரியாது. பாபா என்பது மட்டும் புரிந்தது.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. சுவரில் அவன் திருகிக்கொண்டே இருந்தான்.

படம் முடிந்து, வாசலில் குடையை விரிக்கும்போது கோதண்டம் வந்தார். "முனிராஜ், நாளைக்குக் காலைல என்னை வந்து பாத்துட்டு லைனுக்குப் போங்க." மெதுவாகத்தான் சொன்னார்.

"சரிங்க சார்."

பையனைத் தோளில் தூக்கியிருந்த அந்தோணி பின்னாலேயே வந்து நின்றார். இவரோடு அதே லைனில் வேலை செய்கிறவர். "நானும் வரணுமா சார்? பின்னாடி சொன்னது எம்பையன்தான்."

அவருக்குப் பக்கத்தில், இந்தியில் பேசிய குழந்தையின் அப்பா. கையை மட்டும் நீட்டினார். தூறலில் அது திருகியது.

கோதண்டம் ஒவ்வொருவராகப் பார்த்தார். நனைந்தபடியே வண்டியை எடுக்கப் போனார்.

வீடு. விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை. காலையில் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தோணி சொன்னதை நினைத்தால் கொஞ்சம் குறைகிறது, மறுபடி ஏறுகிறது.

தெருவிளக்கு ஜன்னல் வழியாக வந்து சுவரில் விழுந்திருந்தது. சதுரமாக, ஓரங்கள் நடுங்கியபடி. இவர் அதன் முன்னால் உட்கார்ந்தார். கையை வெளியே எடுத்தார். முதல்முறையாக அதை ஒளிக்கவில்லை.

சுவரில் நிழல் திருகியது.

ஹர்ஷினி சிரிக்கவில்லை. எழுந்து போனாள். அது நிற்கட்டும் என்று தன் உள்ளங்கையை அந்த நிழலின் மேல் வைத்து அழுத்தினாள்.

நிழல் அவள் கைமேல் ஏறித் திருகியது.