வேலி அடைக்காத வயல்

முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரையில் மூன்று போகமாக வயல்களை மிதித்துத் திரிந்த யானை, மாசி மாதத்து ஒரு புதன்கிழமை மத்தியானம், சாரங்காவின் கணினிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அவளுடைய அண்ணி அருந்ததி, அதன் பின்னங்கால்கள் திரைக்குள் மறைவதை யன்னலால் கண்டாள். வாசல்நிலை இடிபடவில்லை, காயப்போட்ட மிளகாயில் ஒன்றுகூட நசியவில்லை. அந்தப் பக்கத்தில் யாரும் யானை என்று சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்பதால் பெரியவர் என்பார்கள். சொல்லாமலே வந்துவிட்டாரே என்பதுதான் அருந்ததிக்குக் குறை.

சாரங்கா செய்துவந்தவை காட்சிப்பெட்டிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்துப் பெட்டிக்குள் மட்டையாலும் பஞ்சாலும் ஒரு கிராமத்தைச் செய்துகொண்டு போவார்களே, அதுபோலத்தான். ஆனால் இவளுடையவை கணினிக்குள் இருந்தன. எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம், கனவில் நடப்பதெல்லாம் அவற்றில் நடக்கும். ஒன்றில் முல்லைத்தீவு பஸ் வேர்விட்டு யன்னலுக்கு யன்னல் பூத்து நிற்கும். இன்னொன்றில் மழையைக் கொடியில் காயப்போட்டிருப்பார்கள். இது எந்தக் கலையில் சேர்த்தி என்று அண்ணன் ஜெயந்தனுக்கு விளங்கவில்லை. அவளுக்கும் அதற்குப் பெயர் தெரியாது, செய்யாமல் இருக்க முடியாது என்பது மட்டும் தெரியும். கொழும்பில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்காக இரண்டு வருஷமாக அவள் செய்துகொண்டிருந்தது ஒரு வயல்: குளத்துக்கு அடியில் விளைந்த நெல், அதன்மேல் தாமரை இலைகளின் நிழல். அதற்கு வேலி அடைக்க அவள் மறந்தே போனாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் ஒரு தேசிக்கன்று நட்டாலும் முதலில் வேலிதான் அடைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் வேலியில்லாத இடம் அது ஒன்றுதான் என்பதைப் பெரியவர் கவனித்துவிட்டார்.

உள்ளே போனவர் இரண்டு வருஷ வேலையை ஒரு பின்னேரத்தில் தின்று தீர்த்தார். தாமரைகளைப் பிடுங்கித் தன் முதுகில் அடித்துக் கழுவினார். சாரங்கா கதிரையில் இருந்து அழுதாள். எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று விசைப்பலகையில் விரலை வைத்தும்விட்டாள். அப்போதுதான் அவர் படுத்தார். வெடிச்சத்தத்துக்கும் தீப்பந்தத்துக்கும் பயந்து ஓடித்திரிந்த உயிர், நான்கு காலையும் நீட்டி, வாய் திறந்து நித்திரைகொண்டது. மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை அந்தக் குறட்டையில் ஆடியது. அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை தொடக்கம், தின்ற நெல்லைத் திரும்ப நட்டாள். அவர் தின்ன, அவள் நட, வெளியே ஊர் வயல்கள் ஒரு மிதியும் படாமல் பழுத்தன. கரண்ட் போனாலும் அவர் எழும்பவில்லை. இருட்டில் இன்னும் நன்றாகத் தூங்கினார்.

ஆனால் ஜெயந்தனுக்கு நெஞ்சு ஆறவில்லை. போன போகத்தில் அறுவடைக்கு முதல்நாள் அவனுடைய வயலை அடியோடு முடித்துவைத்தவர் பெரியவர்தான். அன்று அவன் வரம்பில் இருந்து அழுததை அருந்ததி மட்டுமே கண்டாள். பிறகுதான் காட்டுப்பக்கம் மின்வேலி போட்டான்.

"வேலியில்லாத காணியில ஆர் நிலைச்சு நிப்பினம், தங்கச்சி? அவர் வெளியில வந்தா நான் முடிஞ்சன். அடை," என்றான்.

அதுவும் நியாயம்தானே என்று, சாரங்கா திரைக்குள் இருந்த உள்வயலைச் சுற்றி வேலிக் கதியால் நட்டுக் கம்பி இழுத்தாள். பெரியவர் எழும்பி வந்து புதுக்கம்பியை மணந்து பார்த்தார். அன்று முழுக்க ஒன்றும் தின்னவில்லை. மறுநாள் வேலியைப் பிய்த்துக்கொண்டு திரையை விட்டு இறங்கி, ஒழுங்கையால் நடந்து, ஜெயந்தனுடைய வயலுக்கு அந்தப்பக்கம், மின்வேலிக்கு வெளியே காட்டோரமாய் நின்றார். ஊரார் ஒழுங்கையை மறித்துத் தீ வளர்த்தார்கள். இனி அவர் திரும்பி வருவதென்றால் ஜெயந்தனின் வயல் ஒன்றே வழி.

பூசணிக்காய்க்குள் வெடி வைத்துப் போடுவதென்று முடிவாயிற்று. அன்று வெள்ளிக்கிழமை, பிள்ளையாரின் முகம் உள்ளவருக்கு வெள்ளிக்கிழமை வெடி வைப்பது பாவம் என்று சனிக்கிழமைக்கு ஒத்திப்போட்டார்கள். பிள்ளையார் கொடுத்த அந்த ஒரு பகலில், பெரியவரை எப்படியும் உயிரோடு உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்று சாரங்கா உள்வயலில் மிஞ்சிய கதியால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நெல்லை நட்டு, கணினியை மேசையோடு கொண்டுபோய் ஜெயந்தனின் வயலுக்கு இந்தப்பக்கக் கரையில் வைத்தாள். பெரியவர் தூரத்தில் நின்று பார்த்தாரே தவிர, கால் எடுத்து வைக்கவில்லை.

"நான் அவரை ஒருக்கா ஏமாத்திப்போட்டன் அண்ணா. இனி வேலியைத்தான் பாப்பார். உங்கட கம்பியை நீங்கள் கழட்டினாத்தான் வருவார்."

"நாளைக்கு அறுப்புக்கு வெட்டு மெசின் வருது. நடுவில நிக்கிறது என்ர நெல்லு, தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

ஜெயந்தன் பழுத்த கதிர் ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு போய் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வரம்போரமாய் ஒதுங்கி நின்றான். பெரியவர் வந்தார். பழுத்த கதிர்கள் இரண்டு பக்கமும் காலில் உரச, வரம்பு வழியே நடந்து, ஒரு நெல்மணியும் வாயில் வைக்காமல் வந்தார். அவனைக் கடக்கும்போது தோளிலிருந்த கம்பியைத் தும்பிக்கையால் மணந்துவிட்டு, திரைக்குள் இறங்கிப் படுத்தார். வெடி வைக்காத பூசணிக்காயை அருந்ததி கறி வைத்தாள்.

கொழும்புக்கு அனுப்பிய பிரதியில் பெரியவர் இல்லை. அவர் படுத்த இடத்தில் நெல் நசிந்த அடையாளம் மட்டும் இருந்தது. கண்காட்சியில் கூடுதலானோர் அதன் முன்தான் நின்றார்களாம். சாரங்காவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் போய்ப் பார்க்க நேரமில்லை. காலையில் நடாவிட்டால் அவர் பசியோடு எழும்புவார். சிறுபோக விதைப்புக்கு முதல்நாள், அதுவரை அந்த அறைக்குள் கால் வைக்காத ஜெயந்தன் உள்ளே வந்து, திரையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உள்ளுக்கும் இந்தமுறை ஆட்டக்காரி நெல்லுப் போடன். அவருக்குச் சிவப்பரிசிதான் பிடிக்கும்," என்றான்.

சாரங்கா ஆட்டக்காரி நெல்லே போட்டாள்.