ரங்கூனுக்குப் போகிற பெட்டி

மாடன் இடது கையின் நடுவிரல்கள் மூன்றையும் சேர்த்துக் குவித்து வளையல்காரரிடம் நீட்டினான். "இதுக்குள்ள போகணும். ரொம்பத் தொளதொளன்னும் இருக்கக் கூடாது."

வளையல்காரர் சரத்திலிருந்து ஒன்றை உருவி அந்த விரல்களில் மாட்டிப் பார்த்தார். "பிள்ளைக்கு என்ன வயசு?"

"எட்டு."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் தங்கை நிற்பது அவனுக்கு உறைத்தது. பாலம்மாள் முகத்தைத் திருப்பித் தெருவில் போன ஒரு குதிரை வண்டியைப் பார்த்துக் கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி நிற்பது அவளுக்கு நன்றாகப் பழகிய காரியம். தாலியறுத்து மூன்று வருஷமாகப் பெரிய அண்ணன் நயினார் வீட்டில் இருக்கிறவள் வேறு எப்படி நிற்க முடியும்?

மாடன் அவளுக்குச் சின்ன அண்ணன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போய், அங்கே அரிசி மில்லில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு ஒரு கடிதாசி வரும். எட்டு, ஒன்பது வருஷமாக அதில் கல்யாணப் பேச்சுக்கு மட்டும் பதில் இருக்காது. இந்த வருஷம் ஆனி பிறக்குமுன் திடீரென்று வந்து நின்றான். கோட்டு, கால்சராய், காலில் பூட்ஸு. நாற்பத்திரண்டு வயசுக்கு முகம் மட்டும் ஐம்பதைத் தாண்டியிருந்தது. நயினார் ராயகிரிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். "அடுத்த மட்டம் வரும்போது பாப்போம்" என்று அவன் தட்டிக் கழித்துவிட்டான்.

கடைசி மூன்று நாளைக்குத் தென்காசியில் தங்கிச் சாமான் வாங்கிக்கொண்டு அப்படியே ரயிலேறப் போவதாகச் சொன்னவன், "பாலம்மா வரட்டும், எனக்கு விலை பேச வராது" என்றான். ஆலங்குளத்துக்கு மேற்கே இருந்த தன் ஊரைவிட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியறியாத பாலம்மாள், மாற்றுச் சேலை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். குற்றாலத்துக்கும் போனார்கள். பேரருவிப் பக்கம் போகாமல், தண்ணீர் ஆறாக இறங்கிவிட்ட இடத்தில் குளித்தார்கள். மேட்டில் ஏறும்போது மாடனுக்கு மூச்சு வாங்கியது. "கப்பல்ல உக்காந்தே வந்தவனுக்கு இது போதும்ட்டி" என்று ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

இன்று மூன்றாம் நாள். சாயந்திரம் ரயில்.

வளையலை வாங்கிக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போனார்கள். மெத்தையில் சாய்ந்திருந்த முதலாளி கோட்டைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "வாங்க, வாங்க."

மாடன் படியில் ஒரு காலை வைத்தான்.

"எந்த ஊரு?"

சொன்னான்.

"அங்கன எந்தத் தெரு?"

அதையும் சொன்னான். முதலாளியின் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. கை மட்டும் கீழ்ப்படியைக் காட்டியது. "அங்கனயே நில்லும். எடுத்துப் போடச் சொல்லுதேன்."

மாடன் காலைக் கீழே எடுத்தான். பாலம்மாளுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. அவள் ஏற்கெனவே கீழேதான் நின்றிருந்தாள். ஆனால் அவன் மறந்துபோயிருந்தான் என்பது அந்தக் காலைப் பார்த்தபோது தெரிந்தது. கோட்டுக்குள் அவனுக்கு வேர்த்தது. அவன் முகத்தைப் பார்க்காமலிருக்க அவள் படியில் வந்து விழுந்த சேலைகளைப் புரட்டத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் தணிந்த குரலில் கேட்டான். "ஏட்டி, நல்ல வெளுப்பா, ஒன்னவிட ஒரு சாண் குட்டையா இருக்கிற பொம்பளைக்கு எந்தக் கலர் எடுக்கும்?"

பாலம்மாள் கையிலிருந்த சேலையின் கரையை விரலால் நீவினாள்.

"பச்சை எடுக்கும்," என்றாள். "கிளிப்பச்சை வேண்டாம். மாந்தளிர் முத்தினா ஒரு பச்சை வருமுல்லா, அது."

அவளே தேடி எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் ஒரு காப்பி கிளப்பு. நெய்யில் தோசை முறுகும் மணம் தெருவரைக்கும் வந்தது. மாடன் நின்றான். வாசலில் ஒற்றை வரி எழுதித் தொங்கிய பலகையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தான்.

"என்ன எழுதியிருக்குண்ணே?"

"வெலதான் போட்டிருக்கான். ரொம்பச் சொல்லுதான். வா, நம்ம அண்ணாச்சி கடைக்கே போவோம்."

துல்கர்னைன் ரங்கூனில் பதினோரு வருஷம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். மாடனுக்கு அங்கே தினமும் சோறு போட்டவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஊர் திரும்பித் தென்காசிச் சந்தைக்குப் பின்னால் அதே மாதிரி ஒரு கடையைத் திறந்திருந்தார். யார் வந்தாலும் ஒரே பெஞ்சு, ஒரே இலை. கடைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் அண்ணனும் தங்கையும் தங்கியிருந்தார்கள்.

முதல் நாள் மாடன் அவளை எதிர்ப் பெஞ்சில் உட்காரச் சொன்னபோது பாலம்மாள் கூசிப் போனாள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் குத்தவைத்துச் சாப்பிட்டே வளர்ந்தவள். இலையைப் பார்த்துக்கொண்டே அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். மூன்றாம் நாள் அப்படியில்லை. அந்தக் கடையில் ஆணம் என்று சொல்லும் ஆட்டுக்கறிக் குழம்பில் எலும்பு வந்தால் உறிஞ்சினாள். சோறு வேண்டும்போது கையைக் காட்டினாள். அண்ணன் சாப்பிடுவதை நிமிர்ந்து பார்த்தாள்.

துல்கர்னைன் பரிமாறிக்கொண்டே சொன்னார். "அடுத்த மட்டம் வரும்போது அவுகளையும் கூட்டிட்டு வாரும்வே. எத்தனை நாளைக்கு..." பாலம்மாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, ஆணம் எடுத்து வருகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

மாடன் சோற்றைப் பிசைந்தான். "நீ ஒண்ணும் கேக்கலையே."

"நீ சொன்னா கேட்டுக்கிடுதேன்."

"ஊர்ல சொன்னா பெரியண்ணன் என்ன சொல்லுவாரு?"

"பெரியண்ணன் இங்கன இல்லையே."

அவன் சிரித்தான். வந்து இரண்டு மாசத்தில் அவன் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்தது அப்போதுதான்.

"அவளுக்கு நான் மோரு ஊத்திச் சாப்பிட்டா ஆவாது. மூக்கைப் பொத்திக்கிடுவா. பிள்ளைக்கு மட்டும் எப்படியோ மோரு பிடிச்சுப்போச்சு. ஒளிச்சு வச்சு ரெண்டுபேரும் குடிப்போம்." ஒரு வாய் உண்டான். "அங்கன மழை பெஞ்சா உங்க நெனப்பு வரும். இங்கன வந்து ரெண்டு மாசமா..."

இரண்டாம் தடவை சோறு வாங்கி மோரை ஊற்றிக்கொண்டான்.

கை கழுவியதும் சொன்னான். "சில்லுக்கருப்பட்டி மட்டும் வாங்கலைட்டி. அங்கனயும் கருப்பட்டி உண்டு, இந்தச் சுக்கு வாசம் கெடையாது. நூர்நிஷாவைக் கூட்டிட்டுப் போயி ஒரு கொட்டான் பாத்து வாங்கிட்டு வா. நான் கொஞ்சம் கண்ணசருதேன்."

துல்கர்னைனின் மனைவி நூர்நிஷாவுக்குச் சந்தையில் தெரியாத கடை கிடையாது. நாலு கடையில் முகர்ந்து பார்த்து, ஐந்தாவது கடையில் விலை பேசி, ஓலைக் கொட்டானை இறுக்கிக் கட்டச் சொல்லி வாங்கினார்கள். நூர்நிஷா ஒரு துண்டை உடைத்துப் பாலம்மாள் வாயில் போட்டாள். தூறலில் நனைந்துகொண்டு, வாயில் கருப்பட்டி கரைய, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இருவரும் வந்தார்கள்.

பின்னறையில் கோட்டு ஆணியில் தொங்கியது. மாடன் சுவரைப் பார்த்து ஒருச்சாய்த்துப் படுத்திருந்தான். ஒரு கை கன்னத்துக்கு அடியில். எழுப்ப மனசில்லாமல் பாலம்மாள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். பச்சைச் சேலை, வளையலைப் பொதிந்த துணி, மர ஒட்டகம் ஒன்று, ரிப்பன். கொட்டானை ஓரமாகச் செருகினாள். "எறும்பு வராம நல்ல எடமாப் பாத்து வச்சிருக்கேண்ணே," என்றாள் மெல்ல.

காப்பியோடு வந்த நூர்நிஷா சுற்றிக்கொண்டு அவன் தலைமாட்டுப் பக்கம் போனாள். குனிந்து பார்த்தாள். அவன் உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. எழுந்து பறந்து மறுபடியும் அங்கேயே வந்து உட்கார்ந்தது. நூர்நிஷா காப்பியைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பாலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துல்கர்னைன் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார். வண்டிக்காரன் முப்பிடாதியின் வண்டியைப் பேசி வந்தார். நூர்நிஷா தன் புது வெள்ளைத் துப்பட்டியை எடுத்துவந்து அவன்மேல் மூடினாள். கோட்டுப் பையில் ரயில் சீட்டு இருந்தது. துல்கர்னைன் அதைப் பார்த்துவிட்டு, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். வண்டி கிழக்கே கிளம்பியபோது அவரும் ஏறிக்கொண்டார். விடிகிற நேரத்தில் ஊர் வந்தது.

நயினார் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தம்பியின் தலைமாட்டைத் தானே தாங்கி இறக்கினார்.

பெண்கள் கூடி மாரடித்தார்கள். நயினாரின் மனைவி பார்வதியம்மாள் ஒப்பாரிக்கு அடியெடுத்துக் கொடுப்பதில் அந்த வட்டாரத்திலேயே பேர் போனவள். கப்பலேறிப் போனதைச் சொன்னாள், கோட்டு போட்டு வந்ததைச் சொன்னாள். எல்லோரும் வாங்கிப் பாடினார்கள். பாலம்மாளும் பாடினாள். பிறகு பார்வதியம்மாள், கட்டினவள் இல்லாமல் கொள்ளிவைக்கப் பிள்ளையில்லாமல் ஒத்தையாப் போனாயே என்று இழுத்தாள். கூட்டம் மொத்தமும் அதை வாங்கியது. பாலம்மாளின் வாய் மட்டும் திறந்தபடியே நின்றுவிட்டது. அந்த அடியை அவளால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவளைக் கட்டிப்பிடித்து, "அழுதிருட்டி, அடக்காத" என்றாள்.

மூன்றாம் நாள் காடாற்று முடிந்த பின்னால் நயினார் பெட்டியைத் திறந்தார். பார்வதியம்மாள் எட்டிப் பார்த்து வளையலை எடுத்தாள். மூன்று விரலுக்குமேல் அவளுக்கு உள்ளே போகவில்லை.

"சின்னப்பிள்ளை வளையலுல்லா இது. யாருக்கு வாங்கினாரு? இந்தச் சேலை?"

பாலம்மாள் தூணோரமாக நின்றாள். "துல்கர்னைன் அண்ணாச்சிக்கு வேண்டியவுக ரங்கூன்ல இருக்காவ. அவுகளுக்கு வாங்கச் சொல்லியிருந்தாரு. நான் கொண்டுபோய்க் குடுத்துருதேன்."

"அதுக்கு இவரு எதுக்குப் பச்சைச் சேலை..."

"ஏளா, அதை வை," என்றார் நயினார்.

அவர் பாலம்மாளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை. அவர் குனிந்து ரிப்பனை எடுத்து, விரலில் சுற்றிப் பார்த்து, பழையபடி வைத்தார். பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினார்.

"பதினாறு கழியட்டும். நானே வண்டி பூட்டி அனுப்புதேன்," என்றார்.

பதினாறு கழிந்ததும் சொன்னபடியே வண்டி பூட்டினார்.

துல்கர்னைனின் மருமகன் அந்த வெள்ளிக்கிழமை கப்பலேறுவதாக இருந்தான். பாலம்மாள் போய்ச் சேர்ந்தபோது கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. நூர்நிஷா பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டாள். பாலம்மாள், அண்ணன் உட்கார்ந்திருந்த எதிர்ப் பெஞ்சைப் பார்க்காமல் சாப்பிட்டாள்.

"அவுக என்ன செய்தாவ அங்கன?" என்று கேட்டாள்.

"மார்க்கெட்டுல பூ விக்குது அந்தப் பர்மாக்காரப் பொண்ணு. நல்ல பிள்ளை. நான் கடையைக் காலி பண்ணினப்போ மக கைப்பிள்ளை, தத்தித் தத்தி நடக்கும்." துல்கர்னைன் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தார்.

"பேரு என்ன?"

"மகளுக்கா? டின் டின்."

பாலம்மாள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்ததா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

"விசயத்தை மருமகன் பக்குவமாச் சொல்லுவான். நீ சொல்லுததை நான் தமிழ்ல எழுதுதேன், அவன் வாசிச்சு அவுக பேச்சுல சொல்லிருவான். என்ன எழுத?"

துல்கர்னைன் மையைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"அன்னைக்கு மத்தியானம் நல்லாச் சாப்பிட்டாருன்னு எழுதுங்க," என்றாள். "ரெண்டு தடவை சோறு வாங்கினாருன்னு எழுதுங்க. மோரும் ஊத்திக்கிட்டாரு."

அவர் எழுதினார். "பொறவு?"

"பொறவு ஒண்ணுமில்லை. தூங்கினாரு."

அவர் அதையும் எழுதினார். எழுதி முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பெட்டியைக் கோணித்துணியில் போட்டுத் தைத்து, மேலே ஒரு வெள்ளைத்துணியை ஒட்டுப்போட்டிருந்தாள் நூர்நிஷா. கடைக்குள் வெளிச்சம் போதாததால் அதை வாசலுக்குத் தூக்கிவந்து வைத்தார்கள். துல்கர்னைன் இங்கிலீஷில் விலாசத்தைப் பெரிசு பெரிசாக எழுதினார்.

"அனுப்புதது யாருன்னு போடணும்மா."

"அத்தைன்னு போடுங்க."

அதைத் தமிழிலேயே எழுதிவிட்டு, வண்டிக்காரனைக் கூப்பிட அவர் தெருமுனைக்குப் போனார். மேற்கே மலையை மேகம் மூடியிருந்தது. சாரல் காற்றோடு திரும்பி வாசலுக்குள் அடித்தது. மை இன்னும் காயவில்லை. பாலம்மாள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, வண்டி வருகிறவரைக்கும் அப்படியே நின்றாள்.