ஒரே மணிப் பள்ளிக்கூடம்

ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத என் பொண்டாட்டி சந்தனமேரி உள்ளே போனதிலிருந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்று நான் ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன். சேத்தூர்ப் பக்கம் இரண்டே வாத்தியார் உள்ள பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பாடம் நடத்துகிறவள். வேலையில் இருப்பவர்களும் இந்தப் பரீட்சையில் பாஸாக வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஐம்பதை நெருங்குகிற வயதில், மில்லுக்குப் போகிற எனக்கு முன்னால் எழுந்து, விடைத்தாளில் சரியான விடைக்கு வட்டம் நிரப்பிப் பழகினாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“பிள்ளைய மடியில வச்சு எழுத்து சொல்லிக் கொடுத்தவளுக்கு, வட்டத்துல மை அடிக்கத் தெரியுமான்னு ஒரு பரீட்சை. வெளங்குமாய்யா?” என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன்.

அவர் வைகுண்டராஜ், தேவதானத்தில் வயல் வேலை பார்க்கிறவர். “கோவப்படாதிய அண்ணாச்சி. எம்மவ ஜாஸ்மினும் உள்ள எழுதுதா. உங்க வீட்டு டீச்சர்ட்ட படிச்சவதான். எங்களுக்குன்னு சிபாரிசு பண்ண யாரு இருக்கா? இந்தப் பரீட்சையும் இல்லன்னா எம்பிள்ளைய எவன் வாத்தியாரு நாற்காலில உக்கார வைப்பான்?”

எங்கள் மில்லில் மானேஜரின் மச்சினன்கள் நேராக ஆபீசில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து வயிறெரிந்தவன்தான் நானும். அவர் சொன்னது நியாயம். ஆனாலும் என் கோபம் முழுசாக இறங்கவில்லை.

மதியம் கூட்டம் வெளியே வந்தது. மேரியின் முகம் செத்துப்போயிருந்தது. பின்னாலேயே ஜாஸ்மின் வாயைப் பொத்தியபடி வந்தாள்.

“என்னாச்சு மேரி?”

“போச்சுங்க. மானமே போச்சு.”

ஜாஸ்மின்தான் சொன்னாள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எச்சரிக்கை மணி அடித்திருக்கிறார்கள். மேரியின் பள்ளிக்கூடத்தில் அதெல்லாம் கிடையாது. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அவளே ஒரு தட்டு தட்டுவாள், அதோடு பரீட்சை முடிந்தது. மணிச் சத்தம் கேட்டதும் இங்கேயும் பழக்கத்தில் எழுந்து நின்று, “எல்லாரும் பேனாவக் கீழ வைங்க. கையக் கட்டுங்க” என்று சொல்லிவிட்டாள்.

“ஹாலே பேனாவ வச்சிருச்சு சார்! கையும் கட்டிட்டோம். மேற்பார்வைக்கு வந்த சாரே பேப்பர் வாங்கக் கிளம்பிட்டாரு. பொறவுதான் வாட்சப் பாத்துட்டு, இன்னும் நேரம் இருக்கு, எழுதுங்கன்னாரு.”

“சிரிக்காத ஏட்டி” என்றாள் மேரி. “அதுக்குப் பொறவு எனக்குக் கேள்வியே கண்ணுல ஏறல. கடைசில கொஞ்சம் வட்டத்த நிரப்பாமலே கொடுத்துட்டு வந்துட்டேன். அதுலயே பெயிலாயிட்டா என்னங்க செய்ய?” கண் கலங்கிவிட்டது.

எனக்கும் பகீரென்றது. ஆனால் அந்த ஹால் மொத்தமும் கை கட்டி உட்கார்ந்ததை நினைத்தால் பெருமை தாங்கவில்லை. “அடியே, அத்தன வாத்தியாரையும் ஒரே சொல்லுல கையக் கட்ட வச்சிட்டு வந்திருக்க. வேற எவளுக்குடி இது வரும்?” என்றேன்.

“ரோட்டுல நின்னு கத்தாதிய” என்றாள்.

ராஜபாளையம் பஸ் வந்தது. பரீட்சை எழுதிய கூட்டம் மொத்தமும் ஒரே படியில் முண்டியடித்தது. கைப்பிள்ளையோடு ஒருத்தி நடுவில் மாட்டிக்கொண்டாள். மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஏய், வரிசையா நில்லுங்க! பிள்ளைக்காரி மொதல்ல ஏறட்டும்” என்று ஒரு சத்தம் போட்டாள்.

தள்ளுமுள்ளு நின்றது. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். கண்டக்டர்கூடப் படியை விட்டு இறங்கி ஒதுங்கினார். கறுப்பு மை படிந்த விரலை நீட்டி, மேரி ஒவ்வொருவராக ஏற்றிவிட்டாள். ஜாஸ்மினும் அவள் அப்பாவும் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். நானும் போய் அவர்களுக்குப் பின்னால் நின்றேன்.